கச்சானுக்கு எந்தக் கடிவாளம்?

கச்சான் அன்றும் நிற்கவில்லை.

மண்டூர்த் துறைக்கு இறங்கும் சரிவில், நல்லரத்தினம் வாரை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்தபடி கத்தினார்.

“நில்லுடா! நில்லு! நில்லெண்டாக் கேக்காதா உனக்கு?”

குதிரைக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் நிற்கவில்லை. தலையை மேலே தூக்கிக்கொண்டு, வண்டியையும் நான்கு நெல் மூட்டைகளையும் நல்லரத்தினத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நேரே வாவிக்குள் இறங்கியது. தண்ணீர் வயிற்றைத் தொட்ட பிறகுதான் நின்றது.

நெல் நனைந்தது. நல்லரத்தினத்தின் வலது தோள் மூட்டு விலகியது.

வாவியைக் கடக்கும் தட்டையான பெரிய ஓடத்தை அந்தப் பக்கத்தில் ‘பாதை’ என்பார்கள். பாதையை ஓட்டும் கோணாமலை, குதிரை வந்த வேகத்தைப் பார்த்துப் பயந்து தானே தண்ணீருக்குள் குதித்துவிட்டார். சொட்டச் சொட்ட எழுந்து நின்று சொன்னார்.

“இந்தப் பேய்க் குதிரை இனித் துறைப்பக்கம் வரப்படா. வந்தா நான் பாதைய எடுக்க மாட்டன். சொல்லிப்போட்டன்!”

துறையிலிருந்து பன்னிரண்டு மைல் உள்ளே, வயல்களுக்கு நடுவே நல்லரத்தினத்தின் ஊர் இருந்தது. அது சண்டைக் காலம். வாவிக்கு மேற்கே பெற்றோலும் டீசலும் கொண்டுவரத் தடை. ஊரில் இருந்த ஒரே உழவு மெசினில் கோழிகள் முட்டையிட்டன.

கச்சான் அந்த ஊரில் பிறந்த குதிரை அல்ல. சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த சில மாதங்களில், வாவிக்கு அக்கரையில் ஒரு காணிவேல் நடந்தது. ராட்டினம், மரணக் கிணறு, குதிரைச் சவாரி எல்லாம் இருந்தன. சித்திரையில் சண்டை திரும்பவும் தொடங்கியதும் காணிவேல்காரர்கள் அவசர அவசரமாகப் புறப்பட்டார்கள். லொறியில் குதிரைக்கு மட்டும் இடம் இருக்கவில்லை. வண்டி மாடுகளை இழந்திருந்த நல்லரத்தினம் அதைக் கேட்டு வாங்கி வந்தார்.

பெயர் வைத்தது அவருடைய மகள் கண்ணகை. நிலக்கடலையை அங்கே கச்சான் என்பார்கள். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் அனல் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். “நிறத்துக்கும் சரி, ஓட்டத்துக்கும் சரி” என்றாள் கண்ணகை.

அவளுக்குப் பத்து வயது. இன்னும் பன்னிரண்டு நாளில் புலமைப்பரிசில் பரீட்சை. பரீட்சை எழுத வாவியைக் கடந்து அக்கரைக்குப் போகவேண்டும். அந்த வருடம் ஊரிலிருந்து ஆறு பிள்ளைகள் எழுதினார்கள்.

வீட்டில் அவளால் படிக்க முடியவில்லை. கச்சான் காற்று கூரைக் கிடுகுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. தோளில் துணிக்கட்டுடன் அப்பா முற்றத்தில் கிழக்கும் மேற்குமாக நடந்துகொண்டிருந்தார். கொட்டிலுக்குள் குதிரையும் அதேபோல நடந்துகொண்டிருந்தது.

“ரெண்டு பேரில ஒராளாவது இருங்களன்” என்றாள் அம்மா சீதேவி.

நான்காம் நாள் மங்கையற்கரசி ரீச்சர் சைக்கிளில் வந்தார். இறங்கும்போதே சொன்னார்.

“டீசல் கிடைக்கல்ல. மெசின் வராது.”

“மாட்டு வண்டிலில போகலாமே, ரீச்சர்?” என்றாள் கண்ணகை.

“காலம்பற அஞ்சரைக்கு முந்தி றோட்டில இறங்கேலாது. ஊரடங்கு. மாடு துறைக்குப் போய்ச் சேர பத்து மணியாகும். சோதினை ஒம்பதுக்கு.”

“முதல் நாளே போய்த் தங்கினா?” என்று கேட்டாள் சீதேவி.

“இந்தக் கரை ஆக்கள் அந்தக் கரையில இரவு தங்க விடமாட்டாங்க.”

கொட்டிலில் கச்சான் காலால் நிலத்தைக் கொத்தியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஒண்டரை மணித்தியாலத்தில துறையில நிப்பான்” என்றார் நல்லரத்தினம்.

“நிப்பானா?” என்றாள் சீதேவி.

“போவான் எண்டு சொல்றன். நிக்கிறதுக்குத்தான் வேற வழி பாக்கணும்.”

அவர் பார்த்த வழி அன்று மாலையே வந்தது. கொல்லன் சாமித்தம்பி அதை ஒரு சாக்குத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார்.

கச்சானுக்கு அவர் ஏற்கெனவே இரண்டு கடிவாளங்கள் செய்து கொடுத்திருந்தார். முதலாவது, வாயின் குறுக்கே போகும் வழவழப்பான உருட்டுக் கம்பி. அதை மாட்டி இழுத்தபோது குதிரை ஓடியது. இரண்டாவது முறுக்குக் கம்பி. அதை இழுத்தபோது இன்னும் வேகமாக ஓடியது. மூன்றாவது இப்போது சாக்குக்குள்ளிருந்து வெளியே வந்தது. அதில் வாள் அலகைப் போல வரிசையாகப் பற்கள் இருந்தன.

“இதுக்கு யானையும் நிக்கும்” என்றார் சாமித்தம்பி.

கண்ணகைக்குத் தன் நாக்கே கூசியது.

மறுநாள் காலை அவள் கச்சானைக் குளிப்பாட்டக் குளத்துக்குக் கூட்டிப் போனாள். அதற்குக் கடிவாளம் போடுவதில்லை. மூக்கைச் சுற்றி ஒரு பழைய கயிறு, அவ்வளவுதான். அவள் நடந்தால் நடந்தது. நின்றால் நின்றது. அவள் தும்மினால் மட்டும் கொஞ்சம் துள்ளியது.

தர்ப்பூசணியை அங்கே வத்தகப்பழம் என்பார்கள். கரையில் வத்தகப்பழத் தோல் ஒன்றைக் கொடுத்தாள். கச்சான் ஆசையாகக் கடித்தது. ஒரு பக்கமாகவே மென்றது. பிறகு பாதியைக் கீழே போட்டுவிட்டது.

கண்ணகை குனிந்து அதை எடுத்தாள். வெள்ளைத் தோலில் சிவப்பாக ஒரு கோடு.

“வத்தகப்பழச் சாறா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அது பழத்தின் சிவப்பு அல்ல.

“வாயைக் காட்டு கச்சான். கடிச்சிராத, என்ன? எனக்கு எழுதக் கை வேணும்.”

மெதுவாக உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். முன்னால் பெரிய பற்கள். உள்ளே அரைக்கும் பற்கள். இரண்டுக்கும் நடுவில் பல்லே இல்லாத வெறும் முரசு, அதாவது ஈறு. கடிவாளக் கம்பி கிடப்பது அந்த இடத்தில்தான். அங்கே முரசு வெடித்து, எலும்போடு ஒட்டிய தோல் கிழிந்திருந்தது.

கச்சான் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அவள் விரலை எடுத்ததும் பெருமூச்சு விட்டது.

கண்ணகை குதிரையையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

“அப்பா! அவன் குழப்படியில ஓடல்ல. நோவில ஓடுறான்! நீங்க இழுக்க இழுக்க நோகுது. நோக நோக ஓடுறான்.”

“நோகட்டும் எண்டுதானே கம்பி போடுறது?” என்றார் அப்பா. “நோவு இல்லாட்டி ஏன் நிக்கப் போறான்? நீ போய்ப் படி.”

கண்ணகை படிக்கப் போகவில்லை. கொட்டிலுக்குப் போய் முதலாவது கடிவாளத்தை எடுத்து வந்தாள்.

“அப்பா, உங்கட காலைக் கொஞ்சம் நீட்டுங்க.”

“எதுக்கு?”

“சும்மா நீட்டுங்களன்.”

நல்லரத்தினம் காலை நீட்டினார். கண்ணகை அந்த இரும்பை அவருடைய முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் மேல் வைத்தாள். இரண்டு பக்கமும் பிடித்து ஒரே ஒரு முறை இழுத்தாள்.

“ஐயோ!” என்று நல்லரத்தினம் துள்ளி எழுந்து முற்றத்தின் மறுபக்கம் போய் நின்றார்.

“பாத்தீங்களா?” என்றாள் கண்ணகை. “ஓடிட்டீங்க.”

சீதேவி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“இது பல் இல்லாதது, அப்பா. அவன்ட வாயிலயும் இப்பிடித்தான், எலும்புக்கு மேல மெல்லிய தோல் மட்டும்தான் கிடக்கு. அதுவும் இப்ப புண்.”

நல்லரத்தினம் காலைத் தடவிக்கொண்டே குதிரையைப் பார்த்தார். 

“சரி” என்றார் கடைசியில். “கம்பி இல்லாம வேற என்னத்தப் போடுறது?”

“மூக்கில” என்றாள் கண்ணகை.

சொல்வது எளிதாக இருந்தது. செய்வது அப்படி இருக்கவில்லை. பரீட்சைக்கு ஏழு நாட்கள்தான் இருந்தன.

முதலில் தும்புக் கயிற்றில் மூக்குப்பட்டை கட்டினாள். அரை மணித்தியாலத்தில் அது மூக்கு மயிரைத் தேய்த்துவிட்டது. அம்மாவின் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, கயிற்றின் மேல் தடிப்பாகச் சுற்றினாள். அதை மாட்டி இழுத்ததும் கச்சான் மிரண்டு பின்னால் போய் வேலியில் முட்டியது.

ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. தன் மூக்கைத் தானே பிடித்துப் பார்த்தாள். மேலே எலும்பு. கீழே மெத்தென்ற பகுதி. கீழே பிடித்தால் மூச்சு அடைத்தது.

“ஓ! மூச்சு முட்டியிருக்கு, பாவம்!”

பட்டையை நான்கு விரல் மேலே ஏற்றி, எலும்பின் மேல் வைத்துக் கட்டினாள். கச்சான் தலையை ஆட்டவில்லை.

காணிவேல் குதிரைகளுக்குக் கண்ணின் இரு பக்கமும் மறைப்பு இருந்ததாக அப்பா சொன்னார். கமுகம் பாளையை வெட்டி அதையும் கட்டிப் பார்த்தாள். கச்சான் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. யார் தன் பின்னால் இருக்கிறார்கள் என்று தெரியாமல் போக அதற்கு விருப்பமில்லை. மறைப்பைக் கழற்றி எறிந்ததும் பின்னால் திரும்பிப் பார்த்து, கண்ணகை இருப்பதைக் கண்டு நடந்தது.

சாமித்தம்பி மாமாவிடம் போனாள். “மாமா, வார் கட்ட ரெண்டு வளையம் வேணும்.”

“என்னட்ட இரும்பு இல்லையே, புள்ள.”

கண்ணகை பல் வைத்த கடிவாளத்தை நீட்டினாள்.

சாமித்தம்பி அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “எவ்வளவு பாடுபட்டுச் செஞ்சது இது” என்று முணுமுணுத்தார். பிறகு உலையில் போட்டு, பற்களைத் தட்டிச் சமமாக்கி, இரண்டு வளையங்களாக வளைத்துக் கொடுத்தார்.

அடுத்த கேள்வி, யார் ஓட்டுவது என்பது. அப்பாவின் வலது கை இன்னும் துணிக்கட்டுக்குள் இருந்தது.

“நான் ஓட்டுறன்” என்றாள் சீதேவி.

“பொம்புளை குதிரை வண்டில் ஓட்டுறதா?” என்றார் நல்லரத்தினம்.

“ஆம்புளை ஓட்டித்தானே கை போச்சு?”

நல்லரத்தினம் இடது கையால் வாரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

வட்டை வீதியில், வயல்வெளிக்கு நடுவே, பழகிப் பார்த்தார்கள். சீதேவி இழுத்துப் பிடித்தால் கச்சானும் எதிராக இழுத்தது. இரும்பு இல்லாததால் முன்போல் ஓடவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. கைகள் எரிந்தன. மூன்று நாட்கள் இப்படியே போயின. கண்ணகை வண்டியில் அமர்ந்தபடி கணக்கும் செய்ய முடியாமல், குதிரையையும் விட முடியாமல் தவித்தாள்.

பள்ளிக்கூடத்தில் நடந்த கயிறிழுத்தல் போட்டி அவளுக்கு நினைவுக்கு வந்தது. எதிர்ப்பக்கம் இழுக்கும்வரை நாமும் இழுப்போம். அவர்கள் சட்டென்று விட்டுவிட்டால்?

“அம்மா, இழுத்துக்கொண்டே இரிக்காதீங்க. கொஞ்சம் இழுங்க. பிறகு விடுங்க. திரும்ப இழுங்க, விடுங்க.”

“விட்டா ஓடிருவான், மகள்.”

“இழுக்கிறதுக்கு ஆள் இல்லாட்டி அவன் யாரோட இழுபடுறது?”

சீதேவி இழுத்தாள். விட்டாள். இழுத்தாள். விட்டாள். கச்சானின் காதுகள் பின்னால் திரும்பின. ஓட்டம் நடையானது. நடை நின்றது.

ஊரில் இதை நம்பாதவர்கள் பலர். முக்கியமாக, பரீட்சை எழுதும் ஆறு பேரில் ஒருத்தியான புஸ்பத்தின் அம்மா ஆச்சிப்பிள்ளை. “நான் ஏறிப் பாத்தாத்தான் என்ட புள்ளய ஏத்துவன்” என்று சொல்லி வண்டியில் ஏறினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். வண்டி கோயிலடிவரை போய், திரும்பி வந்து, வாசலில் நின்றது.

“எப்ப வெளிக்கிடப் போறீங்க?” என்று கேட்டார், கண்ணைத் திறக்காமலே.

“போயிட்டு வந்திட்டம், மாமி” என்றாள் கண்ணகை.

பரீட்சை நாள் காலை, சரியாக ஐந்தரைக்கு வண்டி புறப்பட்டது. கண்ணகையோடு ஆறு பிள்ளைகள், மங்கையற்கரசி ரீச்சர், வாரைப் பிடித்தபடி சீதேவி. கண்ணகை அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். நல்லரத்தினத்தை ஏற்றவில்லை. “நீங்க வந்தாக் கத்துவீங்க” என்று சீதேவி சொல்லிவிட்டாள்.

காற்று முகத்தில் மணலை வீசியது. ரீச்சர் வழி முழுவதும் பெருக்கல் வாய்பாடு கேட்டுக்கொண்டே வந்தார். ஏழு ஒன்பது அறுபத்து மூன்று என்பதை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். பத்து மைல் நன்றாகத்தான் போனது.

துறை கண்ணுக்குத் தெரிந்தபோது ஹெலிகொப்டர் வந்தது.

முதலில் சத்தம். பிறகு வட்டைக்கு மேலே, பனைமர உயரத்தில், அதுவே வந்தது. பிள்ளைகள் பலகையில் குப்புறப் படுத்தார்கள். அது யாரையும் ஒன்றும் செய்யாமல் தாண்டிப் போய்விட்டது. ஆனால் கச்சானுக்கு அது தெரியாதே!

குதிரை பாய்ந்தது.

வண்டி ஒரு சக்கரத்தில் எழும்பி விழுந்தது. சரிவு நெருங்கியது. சரிவின் அடியில் பாதை ஓடம் நின்றது. அதில் ஆட்கள், சைக்கிள்கள், பால் கான்கள். கோணாமலை தடியை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு கத்துவது தெரிந்தது.

சீதேவி பின்னால் சாய்ந்து, பல்லைக் கடித்து, உடம்பில் உள்ள பலம் எல்லாவற்றாலும் வாரை இழுத்தாள். கச்சான் அதைவிடப் பலமாக இழுத்தது.

“ஒருத்தரும் பயப்படாதீங்க!” என்று ரீச்சர் சொன்னார். அவருடைய கண்கள் மூடியிருந்தன.

“அம்மா! விடுங்க!” என்றாள் கண்ணகை.

“விட்டா தண்ணிக்குள்ள போயிரும் புள்ள!”

“இழுத்தாலும் போகும்! விட்டுட்டுப் பிடிங்க அம்மா!”

அம்மாவின் விரல்கள் திறக்கவில்லை. கண்ணகை தன் இரண்டு கைகளையும் அந்தக் கைகளின் மேல் வைத்தாள். அவள் சொல்வது தவறாக இருந்தால் எல்லோரும் வாவிக்குள்தான்.

“நானும் பிடிக்கிறன். இப்ப விடுவம். ஒண்டு, ரெண்டு...”

வார் தளர்ந்தது.

ஒரு நொடி கச்சான் எதிரே இழுக்க ஒன்றுமில்லாமல் தடுமாறியது. உடனே அவர்கள் இழுத்தார்கள். விட்டார்கள். இழுத்தார்கள். “கச்சான், நான்தான், நான் இஞ்சதான் இரிக்கிறன்” என்று கண்ணகை சொல்லிக்கொண்டே இருந்தாள். முதலில் ஒரு காது திரும்பியது. பிறகு மற்றக் காது. உயர்ந்திருந்த தலை இறங்கியது. பாய்ச்சல் ஓட்டமாகி, ஓட்டம் நடையாகி, சரிவின் பாதியில் வண்டி நின்றது.

பிள்ளைகள் இன்னும் பலகையிலிருந்து எழவில்லை.

புஸ்பம் தலையை மெல்லத் தூக்கினாள். “ஏழு ஒம்பது அறுபத்து மூண்டு” என்றாள்.

கோணாமலை தடியைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறி வந்தார். குதிரையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். வாயைப் பார்த்தார்.

“கம்பி எங்க?”

“இல்லை, மாமா.”

“கம்பியோட நிக்காதவன், கம்பி இல்லாம எப்பிடி நிண்டான்?”

“பிறகு சொல்றன், மாமா. சோதினைக்கு நேரமாகுது!”

“அப்ப ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? ஏறுங்க, ஏறுங்க!” என்று தானே ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப் பாதையில் விட்டார் கோணாமலை.

அக்கரைக் காவலரணான சென்றியில் ஆமிக்காரர் பைகளைத் திறந்து பார்த்தார்கள். ஆறு பென்சில் பெட்டிகளையும் ஆறு சோற்றுப் பார்சல்களையும் மெதுவாகப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்பதுபோல நின்றார்கள். விட்டதும் ஓடினார்கள். பரீட்சை மண்டபத்தின் கதவைச் சாத்தப் போனபோது ஆறு பேரும் உள்ளே இருந்தார்கள்.

பகலில் பிள்ளைகள் திரும்பி வந்தபோது, துறையில் இருந்த புளியமர நிழலில் வண்டி நின்றது. சீதேவி பலகையில் தூங்கிக்கொண்டிருந்தாள். குதிரையின் பக்கத்தில், புழுதி படிந்த கால்களுடன், ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“அப்பா! நீங்க எப்பிடி வந்தீங்க?”

“நடந்துதான்” என்றார் நல்லரத்தினம். “வீட்டில இரிக்க ஏலாமப் போச்சு.”

அவர் கையில் பாதி வத்தகப்பழம் இருந்தது. மற்றப் பாதியைக் கச்சான் இரண்டு பக்கமும் மென்றுகொண்டிருந்தது.

திரும்பும்போது வாரை அப்பாவிடம் கொடுத்தார்கள். ஒரு கைதான் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது. அவர் இழுத்தார், விட்டார். கச்சான் நடந்தது. பின்னால் ஆறு பேரும் பன்னிரண்டாம் கேள்விக்கு விடை எது என்று சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டை வட்டையைத் தாண்டி, கோயிலடியைத் தாண்டி, வண்டி வாசலில் வந்து நின்ற பிறகும் முடியவில்லை.